ஒன்றரைக் கிலோ

"இறங்கிட்டு இன்னொரு தடவை ஏறிப் பாரேன். மெஷினுக்கு உன் மேல என்ன கோபமோ" என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷுடன்.

ஏறினாள். குளியலறை வாசலில் கிடந்த எடை மெஷின் மூன்றாவது தடவையும் அதையே காட்டியது. எழுபத்தொன்று புள்ளி ஆறு.

"போன வாரம் எழுபது புள்ளி ஒண்ணு. ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு! அப்படி நான் என்னத்தைத் தின்னுட்டேன்?"

மெஷினைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் எண்பத்திரண்டு கிலோ. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. 'எழுபதுக்குக் கீழே வாங்க' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். மதியம் வெறும் வேகவைத்த காய்கறி. பக்கத்து மெஷின்காரி, "யார் கல்யாணத்துக்குடி இந்தத் தவம்?" என்று கிண்டல் செய்தால், சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோர்ப்பாள்.

வீட்டில்தான் எதிர்க்கட்சி. கணவனின் தங்கை ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அண்ணியைச் சாப்பிட வைப்பதுதான் அவள் வேலை. அண்ணனிடம் கிரீம் பன், கேக் என்று வாங்கிவரச் சொல்வாள். தான் தொடமாட்டாள். எல்லாம் அண்ணியின் தட்டுக்கே போகும்.

"சாப்பிடுங்க அண்ணி. இந்த உடம்புக்கு இப்ப என்ன குறைச்சல்? லட்சணமாத்தான் இருக்கீங்க."

"உனக்கு என் மேல அப்படி என்னடி வஞ்சம்?" என்று அண்ணி தட்டைத் தள்ளி வைப்பாள். "நீ என்ன பண்ணினாலும் சரி டீச்சரம்மா, நான் எழுபதுக்குக் கீழே இறங்காம விடமாட்டேன்."

அப்படிச் சொன்னவள்தான், கணவன் வேலைக்குக் கிளம்பியதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? இந்தத் தடவையும் குறையலைன்னா இதோட விட்டுடலாம்னு சொல்லிட்டாரே."

டீச்சர் கதவோரம் நின்றிருந்தாள். "அப்ப விட்டுடுங்களேன் அண்ணி" என்றாள் மெதுவாக. "எட்டு மாசம் பட்ட பாடு போதும்."

அண்ணி விரலில் இறுகிக் கிடந்த மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். அசையவே இல்லை.

"பாரு, விரல்கூடக் கொழுத்துப்போச்சு."

டீச்சர் அந்த விரலையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். இரண்டடி போனவள் நின்றாள். ஒரு பெருமூச்சோடு திரும்பி வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தேதி எப்போ?"

"என்ன தேதி?"

"மாசத் தேதி அண்ணி."

அண்ணி விரல்விட்டு எண்ணினாள். "ஞாயிறு, திங்கள் வாக்குல வரணும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமே அதுதான். தேதி நெருங்கும்போது உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். சில பேருக்கு அரைக் கிலோ ஏறும், சில பேருக்கு ரெண்டு கிலோகூட ஏறும். வயிறு உப்பும், மோதிரம் இறுகும். வந்த மூணு நாலு நாள்ல தானா வடிஞ்சிடும். இது கொழுப்பு இல்ல, வெறும் தண்ணி."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே."

டீச்சர் எழுந்து போய், அண்ணி வாராவாரம் எடை எழுதும் நோட்டை எடுத்து வந்து விரித்தாள்.

"போன மாசம் இருபதாம் தேதி வாக்குல ஏறியிருக்கு. ஒரே வாரத்துல இறங்கியிருக்கு. அதுக்கு முந்தின மாசமும் இதே கூத்து. வாராவாரம் எழுதறீங்க, ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தீங்களா?"

அண்ணி பக்கங்களைப் புரட்டினாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"அடிப்பாவி! இவ்வளவு தெரிஞ்சுவச்சுக்கிட்டா இத்தனை நாள் வாயைத் திறக்கல?"

டீச்சர் நோட்டை மூடினாள். "பட்டினி எல்லாம் கிடக்காதீங்க. நான் போன் பண்ணி ஒரு வாரம் தள்ளி நேரம் வாங்கறேன்" என்றபோது அவள் குரல் கம்மியிருந்தது.

மாதத் தேதி சொன்னபடி வந்தது. மறு திங்கட்கிழமை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் எடை பார்த்து உரக்கச் சொன்னாள்: "அறுபத்தொன்பது புள்ளி நாலு!"

அண்ணி சின்னப் பிள்ளை மாதிரி கணவனின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

டாக்டர் கோப்பில் எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, பின்னால் ஒதுங்கி நின்ற டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணிக்கு எடையே குறையாது, அவங்களை விட்டுடுங்கன்னு எட்டு மாசமா என்கிட்ட வாதாடினீங்க. இனிமே உங்களுக்குச் சாக்கு கிடையாது. அவங்களோட ஒரு கிட்னி உங்களுக்குத்தான். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கட்டுமா?"

டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அண்ணிதான் சொன்னாள்: "குறிங்க டாக்டர்."