ஊதாக் கரைச் சேலை

டர்ர்ர்...

துணி கிழிகிற சத்தம். மாதா கோயில் மண்டபத்தின் பின்பக்க அறையிலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது.

மடித்துக்கொண்டிருந்த போர்வையைப் பாதியில் போட்டுவிட்டு மரியா எழுந்தாள்.

மறுபடியும் டர்ர்ர்...

கதவைத் தள்ளினாள். நன்கொடையாக வந்த துணிக் குவியலுக்கு நடுவே குப்பாயி உட்கார்ந்திருந்தாள். மழையில் வெள்ளக்கடைக் கிராமத்தில் மண் சரிந்து வீடு போய், நேற்று வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. ஒரு நூல் சேலையின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தாள்.

ஊதாக் கரை போட்ட சேலை. மரியாவுடைய அம்மா கடைசியாகக் கட்டியிருந்த சேலை அது. அம்மா போன நாளிலிருந்து பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை, இந்த மழைக்குத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

குப்பாயி அவசரமாகத் துண்டுகளை மடிக்குள் செருகினாள்.

குரல் கேட்டுக் கிங்ஸ்டன் வந்து நின்றான். கோயிலில் புதிதாகத் தொடங்கிய பேரிடர் உதவிக் குழுவுக்கு அவன்தான் தலைவன். இதுதான் குழுவின் முதல் வேலை. போட்டிருந்த மஞ்சள் சட்டையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை.

"பாத்தீங்களாக்கா? ராப்பகலா அலைஞ்சு சேத்த துணி. ஏம்மா, கட்டப் புடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்றதுதானே?"

"புடிக்காம இல்லீங்க தம்பி."

"அப்புறம் எதுக்குக் கிழிக்கறீங்க?"

"அது... உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க."

"அடேங்கப்பா! தலைவர்கிட்டயே சொல்ல முடியாத ரகசியமாக்கா!" கிங்ஸ்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆளுக்கொரு பை குடுத்தோம். சோப்பு, பேஸ்ட்டு, மெழுகுவத்தி, ஆம்பளைங்களுக்கு ஷேவிங் பிளேடு வரைக்கும் யோசிச்சு யோசிச்சுப் போட்டோம். இதுக்கு மேல என்ன வேணும் இவங்களுக்கு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான்.

"இவங்ககூட வந்த பொண்ணுங்க அதுக்கு மேலக்கா. வந்ததுலேர்ந்து மண்டபத்துக்குள்ள காலே வெக்கல. விறகுக் கொட்டாய்ல சாரல்ல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. நானே போய்க் கூப்பிட்டேன். மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. நம்ம கோயில் மண்டபம் அவங்களுக்கு ஆகாது. நம்ம சோறு மட்டும் ஆகும்!"

"அப்படின்னு சொன்னாங்களா?"

"வாயத் தெறந்து வேற சொல்லணுமா? கொஞ்ச நேரத்துல வேன் கீழ பள்ளிக்கூட முகாமுக்குப் போகுது. இவங்கள அதுல ஏத்திடலாம். அங்க கூரை ஒழுகுதாம், ஒழுகட்டும். அருமை தெரியும். துணி உங்க பொறுப்புக்கா. நீங்க சொல்லுங்க."

குப்பாயி பதறிப்போய் எழுந்தாள். "தம்பி, வேண்டாஞ் சாமி. அந்தப் புள்ளைங்களால இப்ப வண்டில குலுங்கிட்டு வர முடியாதுங்க."

மரியா கிழிந்து கிடந்த ஊதாக் கரையைப் பார்த்தாள்.

"அனுப்பிடு, கிங்ஸ்டன்."

அவன் வேன் டிரைவரிடம் சொல்லப் போனான்.

"எங்கம்மா சேலைங்க இது" என்று, மிச்சத்தையாவது எடுத்துக்கொள்ள மரியா குனிந்தாள். குப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மணி, அவரு ஆம்பள. அவருகிட்ட எப்படிங்க சொல்றது? நீங்க பாருங்க."

மடியைப் பிரித்துக் காட்டினாள். துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் பதமாக, கைக்கு அடக்கமாக நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

மரியாவுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணுங்களுக்கா?"

"ஆமாங்க. பயந்த பயத்துல மாசாமாசம் வர்றது நாளுக்கு முன்னாடியே வந்திருச்சுங்க. கட்டுன துணியோட ஓடியாந்தோம். மருந்துக் கடையும் தெறக்கல. இங்க கெடக்கறதெல்லாம் நைலான் சேலைங்க, ஈரம் இழுக்காது. இது ஒண்ணுதான் நொம்ப மெத்துனு இருந்துச்சு. உங்க அம்மா சேலைன்னு தெரியாதுங்க."

குழுவின் கூட்டம் மரியாவுக்கு ஞாபகம் வந்தது. சுற்றிலும் ஆண்கள். பெண் என்று அவள் ஒருத்திதான். பைக்குள் போட வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஏதாச்சும் விட்டுப்போச்சா மரியா?" என்று ஃபாதர் அவளைத்தான் கேட்டார். விட்டுப்போனது என்னவென்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எப்படி என்று தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்குங்க ஃபாதர்" என்றாள்.

வெளியே வேன் உறுமியது. மரியா ஜன்னலுக்கு ஓடினாள்.

"கிங்ஸ்டன், வேன் வேண்டாம். யாரும் போகல!"

"ஏன்க்கா? இப்பதானே..."

"துணி என் பொறுப்புன்னியே. நான் சொல்றேன், வேண்டாம்."

திரும்பிக் குப்பாயியிடம் வந்தாள். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. உள்ள வந்து ஒரு ஓரமாப் படுத்திருந்தா யாரு கேக்கப் போறாங்க? எதுக்கு அந்தக் குளிர்ல உக்காரணும்?"

"எப்படிங்க அம்மணி உள்ள வருவாங்க?" குப்பாயி சுவரைக் காட்டினாள். "இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க சாமி இருக்குதுங்களே. சோறு போட்ட சாமிக்குத் தீட்டு ஆகக் கூடாதுன்னு, புள்ளைங்க அதுங்களாத்தானுங்க வெளிய உக்காந்திருக்குதுங்க."

மரியா அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க சாமியும் ஒரு பொண்ணு வயித்துல பொறந்தவருதானுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க."

குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மரியா தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் சேலையை எடுத்து முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். உறுத்துமென்று ஊதாக் கரையை மட்டும் தனியாகக் கிழித்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து நாலாக மடிக்கத் தொடங்கினாள்.