கத்துறவங்க கத்தட்டும்

"எல்லாத்தையும் மூடிட்டியா? யாரைம்மா கேட்டு மூடின?"

முதலாளியின் குரல் முதலில் மாடியேறி வந்தது. ஆள் பிறகுதான் வந்தார்.

"உங்களைக் கேட்டுத்தான் சார். நேத்து தலையாட்டினீங்களே!" என்றாள் நெட்வொர்க் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீடு மாற்றித் தரும் கம்பெனி அது. வெப்சைட்டில் ஒருவர் போன் நம்பரைப் பதிந்த கையோடு, எதிர்த்தெரு லாரி கம்பெனி அவரைக் கூப்பிட்டு, "நாங்க கம்மியா முடிச்சுத் தர்றோம்" என்று கொத்திக்கொண்டு போய்விடும். இரண்டு மாதமாக இதே கூத்து. போன் எடுக்கும் அக்காதான் நம்பரை விற்கிறாள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். இன்று சாயங்காலம் அவளுக்குச் சீட்டுக் கிழிகிறது. பாவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் அப்போதும் போனை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மேல தப்பில்ல சார். சர்வர்ல எவனோ புகுந்திருக்கான். உள்ள வர்ற வழிக்குத்தான் பூட்டு போட்டோம், வெளிய போற வழியை அப்படியே விட்டுட்டோம். அதான் ஃபயர்வால்ல, நம்ம சர்வரோட காவல் கதவுல, வெளிய போறது மொத்தத்தையும் நிறுத்திட்டேன். தேவைப்படறவங்க வந்து கத்துவாங்க. அதை மட்டும் திறந்து விடுவேன். எங்க தொழில்ல இதான் வழக்கம்."

கத்தினார்கள்.

"ரசீது மெயில்ல போகலை!" என்று கணக்கர் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்போல ஓடி வந்தார். திறந்தாள்.

"டிரைவருங்களுக்கு எஸ்எம்எஸ் போகலை!" என்று லாரி மேஸ்திரி கீழேயிருந்து அலறினார். அதையும் திறந்தாள்.

மதியத்துக்குள் ஆபீஸ் அடங்கியது. ஒரே ஒரு இன்டர்நெட் விலாசம்தான் பாக்கி. சர்வர் அங்கே போகப் பார்ப்பதும், ஃபயர்வால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுமாக இருந்தது.

"இது யாருது?" என்று மேசை மேசையாகக் கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இதான் சார் கசியற இடம்!"

"சரி, அந்தப் பக்கம் யாரு?"

"யாரோ வாடகைக்கு எடுத்த சர்வர் சார். ஆள் யாருன்னு தெரியாது."

"அப்ப அது அக்காவோட வேலையாவே இருக்கலாமே?" என்றார் முதலாளி. கணக்கரைப் பார்த்து, "கணக்கு முடிச்சு அனுப்பு!"

நெட்வொர்க் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு செய்தும் அக்காவைக் காப்பாற்ற முடியவில்லையே!

போன் அடித்தது. வழக்கம்போல அக்காதான் எடுத்தாள். கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் அப்படி ஒரு களை!

"கொஞ்சம் இருங்க சார். இதை எங்க முதலாளிகிட்டயே சொல்லிடுங்க" என்று ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"வணக்கம் சார்! எதிர்த்தெரு லாரி கம்பெனியிலேர்ந்து பேசறேன், இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் உங்க வெப்சைட்லேர்ந்து எங்களுக்கு வர்ற கஸ்டமர் நம்பர் காலையிலேர்ந்து ஒண்ணுகூட வரலை சார். எங்க ஓனர் கத்தறதுக்குள்ள கொஞ்சம் பார்த்து அனுப்பி விடறீங்களா?"