இருபத்து மூன்று வீட்டு விருந்து

“ஏழாம் நாள், மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ரிலாக்ஸ். போட்டாச்சு,” என்றார் கிட்டுசாமி.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் ஊரில் இருந்த அவர் வீட்டு ஹாலில், டிவி முழுக்க அவருடைய எக்செல் ஷீட் விரிந்து கிடந்தது. பங்காளிகளுக்குப் பச்சை, மாமன் மச்சானுக்கு மஞ்சள். பொள்ளாச்சியைச் சுற்றி இருபத்து மூன்று வீடு. வீட்டுக்கு ஒரு விருந்து. பத்தே நாள்.

மகன் சபரியும் மருமகள் ரேச்சலும் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக ஊருக்குப் போகிறார்கள். கூடவே கிட்டுசாமியும் கலாவதியும். ரேச்சலுக்கு இந்தியாவே முதல் முறை.

அவள் ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் நர்ஸ். அந்தச் சனிக்கிழமை காலையும் ட்யூட்டி முடிந்து, உடுப்புகூட மாற்றாமல் நேராக வந்து தோசைக்கு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாகச் சேர்த்த லீவு இது. அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

“அப்பா, சம்வேர் ரிலாக்ஸிங். நல்லா தூங்கணும்.”

“ரிலாக்ஸேஷன்னு சொல்லிப் பாரும்மா. உள்ளயே ரிலேஷன் இருக்குது,” என்று சொல்லி, கிட்டுசாமி தானே சிரித்துக்கொண்டார்.

தோசைக்கரண்டியோடு வந்து நின்ற கலாவதி சிரிக்கவில்லை.

“இது வேண்டாங்க. ஏர்போர்ட்ல இருந்து இவங்க ரெண்டு பேரும் நேரா வால்பாறை போகட்டும். எஸ்டேட் பங்களா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். போன் டவர்கூடக் கிடைக்காதாம். சொந்தக்காரங்களை நாம வழக்கம்போலப் பாத்துட்டு வருவோம்.”

“வால்பாறையா? பொள்ளாச்சி வழியாத்தான் மலையே ஏறணும். சொந்தக்காரங்க வாசல் முன்னால கார் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் போறதா?”

“ஏத்திவிட்டுட்டுத்தான்.”

“நாப்பது கொண்டை ஊசி வளைவு. புள்ளைக்குத் தலை சுத்தும்.”

“சுத்தட்டும்.”

“அட்டை கடிக்கும்.”

“அட்டையாவது வயிறு நெறைஞ்சா விட்டுரும்ங்க.”

கிட்டுசாமி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து தங்கை நாகமணி. ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, புதுப்பொண்ணு விருந்துக்குப் பத்துக் கோழி சொல்லட்டுங்களா, பன்னண்டு சொல்லட்டுங்களா?”

“உங்க அண்ணியைக் கேளு. மருமகளை மலை மேல அனுப்பறாளாம். விருந்தே வேண்டாமாம்.”

நாகமணியின் குரல் ஏறியது.

“ஓகோ. வெள்ளைக்கார மருமகளை எங்க கண்ணுல காட்ட அண்ணிக்கு வெக்கமாக்கும்.”

கல்யாணத்துக்கு முன்பே ஆன்லைனில் தமிழ் கிளாஸ் போனவள் ரேச்சல். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறிப் புரியும். இது சுத்தமாகப் புரிந்துவிட்டது. தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

“அம்மா... என்னாலயா?”

கிட்டுசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கே கோயிலில் பார்க்கிற ஆன்ட்டி ஒருத்தர் விடாமல் ‘என் மருமக, என் மருமக’ என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டினவள்தானே இவள். ஊர் என்றதும் ஒளித்து வைக்கத் தோன்றுகிறதா?

“மறைக்காமச் சொல்லு கலா. வெக்கமா?”

கலாவதி போன் பக்கம் குனிந்தாள்.

“நாகமணி, எங்க கல்யாணத்தப்ப எத்தனை வீட்டு விருந்துக்குப் போனோம்னு ஞாபகம் இருக்குதா?”

“இல்லாமயா? பத்து நாள்ல இருபத்தாறு வீடு. ஊரே பேசுச்சே.”

“பதினோராவது வீட்ல நான் வாந்தி எடுத்தேன். நீ ஓடிவந்து என்ன கேட்ட?”

நாகமணி இழுத்தாள். “அது வந்துங்க அண்ணி... விசேஷமான்னு கேட்டேன்.”

“அன்னைக்கு எனக்குக் கல்யாணம் ஆகி அஞ்சாவது நாள்.”

சபரிக்குத் தோசை புரையேறியது. முதலில் சிரித்தது நாகமணிதான். அந்தச் சிரிப்பு பொள்ளாச்சியில் ஆரம்பித்து மான்மவுத் ஜங்ஷன் ஹால் முழுக்கப் பரவியது. கிட்டுசாமி மட்டும் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருஷமாக அந்த இருபத்தாறைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

“‘பொண்ணு கொஞ்சம் தூங்கட்டும்’னு அன்னைக்கு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு,” என்றாள் கலாவதி. “அதைத்தான் இப்ப நான் சொல்றேன். கடைசி நாள் மலையிலிருந்து நேரா உன் வீட்டுக்குத்தான் வருவாங்க. அத்தனை பேரையும் அங்க வரச்சொல்லிரு. ஒரே பந்தி. ஆசை தீர என் மருமகளைப் பாருங்க.”

“அப்பப் பன்னண்டு பத்தாது அண்ணி. இருபதாச் சொல்லிடறேன்,” என்று நாகமணி போனை வைத்தாள்.

கிட்டுசாமி டிவியில் தெரிந்த பச்சையையும் மஞ்சளையும் ஒரு தரம் ஏக்கமாகப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் கையை ஆட்டினார். “புக் பண்ணுடா.”

சபரி லேப்டாப்பைத் திறந்தான். “ஒரு ரூம், ரெண்டு பேர்.”

“நோ. ரெண்டு ரூம், மூணு பேர்,” என்றாள் ரேச்சல். “அம்மாவும்.”

கிட்டுசாமி பதறிப்போனார். “அப்ப என் இருபத்து மூணு வீடு?”

“நீங்க போங்க அப்பா. ரிலாக்ஸேஷன் உள்ளயே ரிலேஷன் இருக்குது.”

சபரிக்குத்தான் பிடிபடவில்லை. “அம்மா எதுக்கு? ஷீ ஹேஸ் பீன் டு இந்தியா தர்ட்டீன் டைம்ஸ்.”

கலாவதி அடுத்த தோசையை மருமகள் தட்டில் போட்டாள்.

“பதிமூணு தடவையும் உங்கப்பா சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் போனேன் கண்ணு. இந்தியாவுக்கு இதுதான் முதல் தடவை.”