ஜெனரேட்டர் ஓடாத மத்தியானம்

தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்புறச் சந்து. ராமானுஜம் வீட்டு ஜன்னல் கம்பிகளில் டீசல் கரி அப்பியிருக்கிறது. அதன் வழியே வரும் மத்தியான வெளிச்சமும் அழுக்காகத்தான் விழுகிறது. மதிலுக்கு அப்பால் அய்யாதுரை ஜவுளிக்கடையின் ஜெனரேட்டர் இன்று மூச்சுக் காட்டாமல் நிற்கிறது. அதன் இரைச்சலை எதிர்த்து ராமானுஜம் போட்ட வழக்கில் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர், கூடத்து நாற்காலியில் அமர்ந்து கூர்ந்து கேட்கிறார். அலமாரியில் எந்நேரமும் நடுங்கும் எவர்சில்வர் டம்ளர்கள்கூட இன்று சாதுவாக இருக்கின்றன. வாசற்படியில் கைகட்டி நிற்கும் அய்யாதுரை, "கரண்ட் போச்சுன்னாத்தான் ஓட்டுவோம் சார்," என்கிறார் பணிவாக.

"பொய்! நாள் முழுக்க ஓடறது!" ராமானுஜத்தின் குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. கமிஷனர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்கிறார். "பக்கத்துலதானே இருக்கேன், ஏன் சார் கத்தறீங்க?" "நான் எங்கே கத்தறேன்? எங்காத்துல இப்படித்தான் பேசிப்போம்!" சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜானு, "காப்பிக்கு சக்கரை போடலாமான்னு அவரைக் கேளுங்கோ!" என்று அலறுகிறாள். வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, இருவருக்கும் மெல்லப் பேசுவது மறந்துவிட்டது. கமிஷனர் குனிந்து எழுதுகிறார்; எழுதியதை வாய்விட்டுப் படிக்கிறார். "ஆய்வின்போது வாதி வீட்டார் பேசும் சத்தம் மட்டுமே கேட்டது." அய்யாதுரை தரையைப் பார்த்துக்கொள்கிறார்.

"ஏன்னா, என்ன எழுதியிருக்கார்?" உள்ளிருந்து ஜானு கேட்கிறாள். ராமானுஜம் வாயைத் திறக்கவில்லை. அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, அவள் இன்னும் உரக்கக் கேட்கிறாள்.