ஒரே வண்டியில்

நிறுவனத்தின் கணினிகளைத் திறக்கும் ரகசியச் சாவியை மூன்று துண்டாக்கி, மூன்று ஊழியர்களின் மணிக்கட்டுத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். இரண்டு துண்டு சேர்ந்தால் போதும், திறந்துவிடும். ஒன்று புனிதாவிடம், இன்னொன்று அவள் கணவன் ஜெரால்டிடம். சாவி சுமக்கும் இருவர் ஒரே வண்டியில் போகக்கூடாது என்பது விதி. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை ஒரு காரிலும் பெண் ஒரு காரிலுமாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அவள்.

இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டு படுத்திருந்த நிறுவன ஆம்புலன்ஸ், அவள் ஏறியதும் இரண்டு சாவித் துண்டுகளையும் உணர்ந்து நகர மறுத்தது.

"இறங்கிடுங்கம்மா, நீங்க இருந்தா வண்டி கிளம்பாது" என்றார் டிரைவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோத்திருந்த விரல்களை அவளே பிரித்தாள். பின்னால் ஆட்டோவில் விரைந்தபோது, அன்று சிரித்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மேலாளர் போனில் வந்தார். "மேடம், சாரோட கை பத்திரமா இருக்குல்ல? நாலு மணிக்கு சர்வரைத் திறக்கணும், மூணாவது துண்டு வெச்சிருக்கறவர் இங்க இருக்கார், நீங்களாவது வந்துடுங்க."

"கையைக் கேட்டீங்க, அவரைக் கேக்கலையே சார். அவர் எழுந்ததும் ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல வர்றோம். அதுவரைக்கும் பூட்டியே கிடக்கட்டும்."