முந்திக்கொண்ட கர்ட்

எல்லாரும் நலம்தானே? இருமல், சளியெல்லாம் விட்டதா? எனக்கு முழங்கால்தான் தொல்லை. சரி, இங்கே நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு ஜோலீனுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

அவளுக்கு விவாகரத்தாகி ஆறு வருடம். மகள் ட்ரூடி கல்லூரியில் படிக்கிறாள். செலவு முழுக்க ஜோலீன் தலையில்தான். அப்பன் கர்ட் ஒரு டாலர் தந்ததில்லை; ஃபீஸில் பாதி கேட்டு அவள் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஜனவரியில் ஜோலீன் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். "ட்ரூடி என் பராமரிப்புல இருக்கறதா நான்தான் வரிக் கணக்குல காட்டப் போறேன். நீ கை வைக்காதே."

கேட்கிற ஆளா அவன்? மறுவாரமே ஃபோன் வந்தது.

"முந்திட்டேன் பாத்தியா! ட்ரூடி என் கணக்குல ஏறிட்டா. எனக்கு வரி குறையும், உன் படிவத்தை ஏத்துக்காம திருப்பி அனுப்பிடுவாங்க!"

"சும்மா அளக்காதே, கர்ட்."

"அளக்கறேனா? படிவத்தையே படமெடுத்து அனுப்பறேன், பாத்து வயிறெரி!"

படம் வந்தது. ஜோலீன் அதை உடனே தன் வக்கீலுக்கு அனுப்பினாள்.

"ரொம்ப நன்றி கர்ட். போன அக்டோபர்ல ஜட்ஜ் முன்னாடி என்ன சத்தியம் பண்ணே? 'ட்ரூடி சொந்தக் கால்ல நிக்கறா, காலேஜ் ஃபீஸ்ல பாதியை நான் எதுக்குக் குடுக்கணும்'னுதானே? இப்ப நீதான் அவளைக் காப்பாத்தறேன்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்திருக்கே. ரெண்டுல எது பொய்னு வியாழக்கிழமை ஜட்ஜ்கிட்டயே சொல்லு."

கர்ட் கேட்டான்: "அப்ப அந்த மெசேஜ்...?"

"வேணாம்னு சொன்னாத்தானே நீ செய்வே!"

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படித் தானாக வந்து மாட்டியிருக்கிறார்களா? எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.