லாரிக்குப் பின்னால்

“பந்தியே முடிஞ்சிடும்யா. எல்லாரும் ராங் சைடுல பூந்து போறானுங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு லாரிக்குப் பின்னால நின்னுகினு கீற?” நர்மதா பின்சீட்டிலிருந்து தீபனின் முதுகில் குத்தினாள்.

“தப்புன்னா தப்புதான்.” எண்ணூர் ரோட்டில் இருபது வருஷமாக அவன் சொல்லும் பதில்.

அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால், பைக்குகள் எதிர்ப்பக்கம் பாயும்போது, அவன் ஒருத்தன்தான் கண்டெய்னர் லாரி வரிசையில் தினமும் காத்து நிற்பான். பஸ் ஸ்டாப்பிலிருந்து அதைப் பார்த்த நர்மதா, “இவ்ளோ ஒழுங்கான ஆளு வேற எங்க கெடைப்பான் நைனா?” என்று அப்பாவிடம் மல்லுக்கட்டித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

வரிசை நகர்ந்து, அதே பஸ் ஸ்டாப் பக்கத்தில் நின்றது. தீபன் வழக்கம்போல அங்கே திரும்பிப் பார்த்தான்.

“இன்னும் அங்க இன்னாத்த தேடுற? நான் பின்னாலதான கீறேன்” என்றாள் நர்மதா.

தீபனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அவன் நின்றது சட்டத்துக்காக அல்ல, அவளைப் பார்க்கத்தான். அவள் கொடுத்த நல்ல பெயரைக் காப்பாற்றத்தான் அப்புறம் ஒரு சிக்னலைக்கூட அவன் தாண்டவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“என் பஸ்ஸெல்லாம் வந்து வந்து போச்சே, நான் இன்னாத்துக்கு ஏறாம நின்னேனாம்?”

“அப்ப நைனாகிட்ட ஒழுங்கான ஆளுன்னு சொன்னது?”

“பின்ன, லுக்கு வுடறான்னா சொல்லுவாங்க? அதான் தெரிஞ்சிபோச்சே, வண்டிய ராங் சைடுல திருப்பு.”

தீபன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். ஹேண்டில்பாரைத் திருப்பப் போனான். கை வரவில்லை.

நர்மதா அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

“சரி, நில்லு. பந்தி போனா போவுது.”